மணம் முறிதலும் மணநீக்கமும்



நம்மவர் வீட்டில் ஒரு கலியாணம் ஒப்பேற வேண்டுமாயின் எத்தனை கவனம் செலுத்தப்படுகிறது! சாதகம் பார்க்கிறோம், பார்த்தவர் சரியாகப் பார்த்தாரோ என்று அதனை மற்றொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டுகிறோம். நொத்தாரிசு எழுதிய சீதன உறுதியை ஊரிலே விஷயம் தெரிந்த நாலு பேர் வாசித்து, எல்லைகள் சரியா, கிணற்றுப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா, வழிவாய்க்கால் உரிமை விடுபட்டதா என்று ஆராய்கிறார்கள். இவ்வளவு கவனத்தோடு கட்டிய குடும்பம் குலைந்துபோனால், அதன்பின் நடக்கும் காரியங்களில் மாத்திரம் ஒருவரும் ஓர் எழுத்தையேனும் வாசிப்பதில்லை. "அவர்கள் இப்போது சேர்ந்து இல்லை" என்று தாழ்ந்த குரலிற் சொல்லி, அவ்வளவோடு விட்டுவிடுகிறோம்.

சேர்ந்து இல்லாமை ஒன்று. விவாகம் நீங்குதல் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அறியாமையால் நமது ஊர்களில் விளையும் தொல்லைகளைப் பற்றியே இன்று சில வார்த்தை பேச எண்ணுகிறேன்.

நான் சட்டத்தரணி அல்லேன், பாடசாலை அதிபர். எனினும், ஒரு குடும்பத்தின் சட்டநிலை முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருமிடம் பெரும்பாலும் நீதிமன்றம் அன்று. பாடசாலையின் அனுமதி மேசையே. முதலாந் தரத்திற் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டும்போது சற்றுத் தயங்குவாள். அதிலே தந்தையென எழுதப்பட்டிருப்பவர் ஒருவர். வெளியே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வேறொருவர். விசாரித்தால், "முதற் கலியாணம் எப்போதோ தீர்ந்துவிட்டது, சேர்" என்பாள். எப்படித் தீர்ந்தது, தீர்ப்பின் பிரதி உண்டா என்று கேட்டால், மடித்து மடித்து மங்கிப்போன ஒரு தாளை எடுத்துத் தருவாள். இரு பகுதியாரும் மனமொத்துப் பிரிகிறார்கள் என்றும், இனிமேல் ஒருவர்மேல் ஒருவருக்கு உரித்தில்லை என்றும், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலே எழுதிக் கையொப்பமிட்ட தாள் அது. சிலவற்றில் சமாதான நீதவானின் முத்திரைகூட இருக்கும். இத்தகைய தாள்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்காயினும் ஒரு விவாகத்தை நீக்கும் வலிமை கிடையாது.

இலங்கையில் பொதுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் விவாகங்களுக்கு ஆதாரமாக இருப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். உயிரோடிருக்கும் இருவரின் விவாகம், தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பினாலன்றி நீங்காது என்பது அச்சட்டத்தின் தெளிவான விதி. பெரியவர்கள் நீக்க இயலாது. பொலிஸ் நிலையத்தில் எழுதும் உடன்படிக்கை நீக்காது. இருபது வருடம் முகம் பாராமல் இருந்தாலும் அதுவும் நீக்காது. "எங்கள் கலியாணம் பதியவில்லையே, கோயிலில் தாலி கட்டியதுதானே" என்று ஆறுதலடைவோரும் உளர். அந்த ஆறுதலும் பொய்யானது. பதிவு என்பது விவாகத்துக்குச் சிறந்த சான்று. பதியாததனால் மாத்திரம் முறைப்படி நடந்த கலியாணம் இல்லாததாகிவிடாது. கட்டிய தாலி சட்டத்துக்கும் தாலியே. அதனை அவிழ்ப்பதற்கும் நீதிமன்றமே வேண்டும்.

அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவர் நிலை என்ன? முதல் விவாகம் சட்டப்படி நீங்காதிருக்கச் செய்யும் இரண்டாம் விவாகம் செல்லுபடியற்றது. அன்றியும், தண்டனைச் சட்டக் கோவையின்படி அது ஏழாண்டு வரை சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றமாகும். குற்றவியல் வழக்குக்குச் செல்வோர் சிலரே. ஆனால் ஓய்வூதியம் வரும்போது, காணி பிரிக்கும்போது, மரணச் சான்றிதழ் கையில் இருக்கும் போது, முதல் மனைவி வந்து நிற்பாள். அவள் பக்கம் சட்டமும் நிற்கும்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. விவாகம் நிலைத்திருக்கும் காலத்திலும், அது நீங்கி இருநூற்றெண்பது நாட்களுக்குள்ளும் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளை, அவளுடைய கணவனின் பிள்ளையென்றே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது. கருவுற்ற காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இருக்கவில்லை என்று, அல்லது கணவன் அதற்கு இயலாதவன் என்று நிறுவினாலன்றி அந்த முடிவு அசையாது. கணவனை விட்டு எட்டு வருடத்துக்கு முன்பே வந்துவிட்ட ஒருத்தி வேறொருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் கண்ணாலும் காணாத மனிதனே அப்பிள்ளைக்குச் சட்டத் தந்தையாகத் தோன்றுவான். அனுமதி மேசையில் நான் கண்ட தயக்கத்துக்கு இதுதான் மூலம். அந்தப் பிள்ளைக்கோ ஒன்றும் தெரியாது. புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இனி, யாருக்கு எந்தச் சட்டம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் விவாகரத்துக்கு மூன்று சட்ட வழிகள் உள்ளன. முஸ்லிம் மக்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அங்கே காதி நீதவான் முன்பாக, கணவன் சொல்லும் தலாக், மனைவி குறைகளை நிறுவிக் கோரும் பஸஹ் முதலிய வெவ்வேறு முறைகள் உள்ளன. கண்டியச் சட்டப்படி விவாகம் செய்தவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம். ஏனையோர்க்குப் பொதுச் சட்டம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலும் வாழும் இந்து, கிறிஸ்தவத் தமிழர்கள் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். "நமக்குத்தான் தேசவழமை இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் சொத்துரிமை பற்றிப் பேசும். விவாகத்தை நீக்குவது அதன் வேலையன்று.

இந்தியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, "இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் சில மாதங்களில் விவாகரத்துக் கிடைக்குமாமே" என்று வினவுவோரும் உளர். இந்தியாவில் இந்து விவாகச் சட்டத்துக்கு 1976இல் செய்த திருத்தத்தினால் மனமொத்த விவாகரத்து வந்தது உண்மையே. அது அந்த நாட்டுச் சட்டம். பாக்கு நீரிணையைத் தொடர்நாடகம் கடந்து வரும். சட்டம் கடந்து வராது.

நமது பொதுச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்றே. விவாகத்தின் பின் கணவனோ மனைவியோ வேறொருவருடன் கூடி ஒழுகும் சோரம் ஒன்று. வன்மமாகக் கைவிடுதல் இரண்டாவது. விவாகம் செய்த காலத்திலேயே இருந்த, தீர்க்க முடியாத உடலுறவு ஆற்றாமை மூன்றாவது. மூன்றாவதைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலாவதைக் காரணமாகக் காட்டும்போது, நீதிமன்றம் விலக்களித்தாலன்றி, சம்பந்தப்பட்ட அந்த மூன்றாம் ஆளையும் வழக்கிற் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஊரறியப் பெயர் சொல்வதென்றால் அதன் பின்விளைவு என்னவென்று கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் பெரும்பாலான வழக்குகள் இரண்டாவது காரணத்தையே பற்றி நிற்கின்றன. அதைத்தான் மக்கள் மிகவும் பிழையாக விளங்கிக்கொண்டும் இருக்கிறார்கள்.

கைவிடுதல் என்றால் வீட்டைவிட்டுப் போவது என்று எண்ணுகிறோம். சட்டம் காலடியை மாத்திரம் பார்ப்பதில்லை. உள்ளக் கருத்தையும் பார்க்கிறது. இல்லறத்தை முடித்துவிடும் நோக்கத்தோடு, நியாயமான காரணம் இன்றிப் பிரிவதே வன்மமான கைவிடல். தொழிலுக்காக மத்திய கிழக்குக்குப் போன கணவன் கைவிட்டவன் ஆகான். மாறாக, வீட்டு விறாந்தையிலே நாள்தோறும் இருந்துகொண்டே ஒருவன் கைவிட்டவன் ஆகக்கூடும். எப்படியெனில், குடித்து வந்து அடித்தும் வைதும், அல்லது வேறு வகையிற் கொடுமை செய்தும், மனைவி அங்கே இருத்தல் இயலாதவாறு செய்து, அவள் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு ஓடும்படி செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறியவள் அவளே ஆயினும், கைவிட்டவன் அவன். நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட கொள்கை இது. கொடுமை என்பது நமது கட்டளைச் சட்டத்தில் தனிக் காரணமாக எழுதப்படவில்லை; இந்த வழியாகவே அது நீதிமன்றத்துக்குள் நுழைகிறது.

எத்தனையோ பெண்கள், "வீட்டை விட்டு நான்தானே வந்தேன், வழக்குப் போட்டால் பிழை என் தலையில் விழும்" என்று அஞ்சி, ஆண்டாண்டாக வாய்திறவாமல் இருக்கிறார்கள். "கல்லானாலும் கணவன்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பும் பெரியோரும் இருக்கிறார்கள். தாய்மார்களே, வாசலைத் தாண்டியவர் யார் என்பதன்று கேள்வி. தாண்டும்படி செய்தவர் யார் என்பதே கேள்வி. அடிபட்ட அன்று வைத்தியசாலைக்குச் சென்ற துண்டு, பொலிஸில் முறையிட்ட இலக்கம், அயலவர் ஒருவரின் சாட்சி, இவையெல்லாம் பின்னொரு நாள் பேசும். ஆகையால் அவற்றை எறிந்துவிடாது வைத்திருங்கள்.

வழக்குத் தொடுப்பவர் தாம் வதியும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். கணவன் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. எதிராளி அழைப்பாணை பெற்றும் வராவிட்டால், வழக்காளி தம் காரணத்தைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும்; வராதவர் சம்மதித்தார் என்று நீதிமன்றம் அப்படியே தீர்த்துவிடாது. நிறுவப்பட்டால் முதலிற் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. சட்டத்தரணிகள் இதனை "நைசை" என்பர். மூன்று மாதங்கட்குக் குறையாத காலம் சென்ற பின்னரே அது முடிவான தீர்ப்பாகும். இந்த மூன்று மாதத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நீதிபதி தீர்ப்புச் சொன்னார் என்றவுடன் அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கிறார்கள். முடிவான தீர்ப்பு வரும்வரை பழைய விவாகம் உயிரோடிருக்கிறது.

விவாகத்தை நீக்காமல், பிரிந்து வாழ்வதற்கு மாத்திரம் நீதிமன்றத் தீர்ப்புப் பெறும் முறையும் உண்டு. சமயக் கொள்கையினால் விவாகரத்தை விரும்பாதவர்கள் இவ்வழியை நாடுவர். அதனால் மணப்பிணைப்பு அறாது. மறுமணமும் செய்ய இயலாது. 1977ஆம் ஆண்டு குடியியல் நடவடிக்கைக் கோவையில் ஒரு திருத்தம் வந்தது. அவ்வாறு பிரிவுத் தீர்ப்புப் பெற்று இரண்டு ஆண்டு கழிந்தபின்னோ, அல்லது ஏழாண்டு காலம் பிரிந்து வாழ்ந்தபின்னோ, விவாகத்தை நீக்குமாறு விண்ணப்பிக்கலாம் என்பது அதன் வாசகம். ஏழாண்டு பிரிந்திருந்தாற் போதும், யார் குற்றவாளி என்ற ஆராய்ச்சி இனி வேண்டாம் என்று அப்போது பலர் ஆறுதலடைந்தனர். 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே பொருள் கொண்டது. ஆனால் 1986இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அத்திருத்தம் வழக்கு நடத்தும் முறையை மாத்திரம் சொல்கிறது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணங்களுள் ஒன்றை நிறுவியே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே ஏழாண்டு சென்றாலும் குற்றம் ஒன்றைக் காட்டாமல் கதவு திறவாது.

இதுபற்றி என் கருத்தை ஒளியாமற் சொல்கிறேன். இந்த நிலை மக்களைப் பொய் சொல்லப் பழக்குகிறது. இருவரும் பண்புடையவர்கள், குணம் ஒத்துவரவில்லை, ஒருவர்மேல் ஒருவருக்குப் பகையும் இல்லை. அத்தகையோர்க்கு நமது பொதுச் சட்டத்தில் வழியே கிடையாது. ஆகவே ஒருவர், "நான் கைவிட்டேன்" என்ற பழியை ஏற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார். மற்றவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அதனைச் சொல்கிறார். இருவரும் கூடிச் செய்த சூழ்ச்சி என்று தெரிந்தால் வழக்கைத் தள்ளிவிடுவது நீதிமன்றத்தின் கடமை. அது தெரியாதபடி நடந்துகொள்வது மக்களின் சாமர்த்தியமாகிவிட்டது. பாடசாலையில் பிள்ளை பொய் சொன்னால் நாம் கண்டிக்கிறோம். அந்தப் பிள்ளையின் தாயும் தந்தையும் சத்தியத்தின் பேரிற் பொய் சொன்னால்தான் நிம்மதியாக வாழலாம் என்று சட்டம் வைத்திருக்கிறதே!

இந்தக் காரணங்கள் நம் முன்னோர் வகுத்தவையும் அல்ல. சோரமும் வன்மக் கைவிடலும் ஒல்லாந்தர் இங்கு விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வந்தவை. ஒல்லாந்தர் 1796இல் இலங்கையை விட்டுப் போனார்கள். அவர்கள் தம் சொந்த நாட்டில் 1971இலேயே குற்றக் காரணங்களை நீக்கி, விவாகம் மீளமுடியாதவாறு குலைந்துவிட்டதா என்பதை மாத்திரம் பார்க்கத் தொடங்கினர். அதே சட்டமரபைக் கொண்ட தென்னாபிரிக்காவும் 1979இல் மாறிற்று. அவ்வளவு தூரம் போவானேன்! நமது கண்டியச் சட்டத்திலேயே, இருவர் சம்மதமும் ஒரு காரணம். இன்பமாகக் கூடி வாழ இயலாமையும் ஒரு காரணம். அங்கே மாவட்டப் பதிவாளரே விவாகரத்து வழங்குகிறார். கண்டியில் ஒரு தெருவின் இரு பக்கத்து வீட்டாருக்கு, எந்தச் சட்டப்படி மணம் முடித்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரு வீட்டில் உண்மை போதும். மறு வீட்டிற் குற்றம் வேண்டும்.

வழியை எளிதாக்கினால் ஆண்கள் மனைவியரை உதறிவிடுவார்கள் என்று மூத்தோர் பலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கையில் ஊதியம் இல்லாத பெண்ணுக்கு மனைவி என்ற பெயர் ஒன்றே காப்பாக இருந்த காலம் உண்டு. சில வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் அவளுக்கு உண்மையிற் காப்பளிக்க வேண்டியது பெயரன்று, தாபரிப்பு. அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, போதிய வருவாயுள்ள கணவனோ மனைவியோ, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத மற்றவருக்குத் தாபரிப்புக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். தம்மைப் பராமரிக்க இயலாத மக்களாயின் பதினெட்டு வயதுக்கு மேல் இருபத்தைந்து வயது வரையும் கோரலாம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். விவாகரத்து வழக்குப் போட வேண்டுமென்பதில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், மனைவிக்கோ கணவனுக்கோ தாபரிப்புக் கட்டளை கிடையாது. முன்னே நான் சொன்ன அந்த மடித்த தாளை நினைவுகூருங்கள். "மனமொத்துப் பிரிகிறோம்" என்றல்லவா அதில் எழுதியிருந்தது? விவாகத்தை நீக்க வலிமையற்ற அதே தாள், பெண்ணின் சோற்றைத் தடுக்க மாத்திரம் வலிமை பெற்றுவிடுகிறது. நல்லவேளை, பிள்ளைகளின் தாபரிப்பை அது தடுக்காது.

அடிக்கும் கணவனிடமிருந்து உடனடிப் பாதுகாப்பு வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதம் வரைக்குமான பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். இதுவும் விவாகத்தைத் தொடுவதில்லை.

வடபகுதித் தாய்மாருக்கு இன்னொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியையே ஆனாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரித்து, வழியுரிமைக் கட்டளைச் சட்டம். கைவிட்டுப் போனவனின் கையெழுத்துக்காகக் காத்திருந்து, மகளின் படிப்புக்கும் காணியை ஈடுவைக்க வழியின்றி நிற்போர் உண்டு. கணவன் கைவிட்டுவிட்டான், அல்லது இருக்குமிடம் தெரியவில்லை, அல்லது நியாயமின்றி மறுக்கிறான் என்று காட்டினால், மாவட்ட நீதிமன்றமே அச்சம்மதத்துக்கு ஈடாக அனுமதி தரலாம் என்றும் அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. முற்பாதியை எல்லோரும் அறிவர். பிற்பாதியை அறிந்தவர் குறைவு.

பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதும் விவாகரத்து வழக்கிலேயே தீர்க்கப்படும். பழைய உரோம-டச்சுச் சட்டம் தந்தைக்கு முதலிடம் கொடுத்தது. இன்றைய நீதிமன்றங்கள் பிள்ளையின் நலத்தையே முதலாகக் கொள்கின்றன. அந்தத் தீர்ப்புக் கிடைத்தால் அதன் உறுதிப்படுத்திய பிரதியொன்றைப் பாடசாலைக்குத் தாருங்கள். பாடசாலை விடும் நேரத்தில் இரு பகுதியாரும் படலையில் வந்து நின்று பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது, எழுத்தில் ஒன்றும் இல்லாவிடில் அதிபரும் ஆசிரியரும் என்ன செய்ய இயலும்?

வெளிநாட்டில் இருக்கும் கணவனோ மனைவியோ அங்கே பெற்ற விவாகரத்து இங்கே செல்லுமா என்பது ஒவ்வொருவர் நிலைமைக்கும் ஏற்ப மாறும். தீர்ப்பின் பிரதியோடு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். பணம் இல்லையென்று தயங்குவோர், 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதன் கிளை அலுவலகங்கள் பல நீதிமன்றங்களை அடுத்தே இருக்கின்றன. வருமானம் குறைந்தோருக்குக் கட்டணமின்றி வழக்கு நடத்துவார்கள். போகும்போது விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கைவசமுள்ள கடிதங்கள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விவாகச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திற் பிரதி கேட்கலாம். ஊர்ப் பெரியவர் எழுதித் தந்த தாள் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்; அதில் என்ன எழுதியிருக்கிறதென்று சட்டத்தரணி முதலிற் பார்க்கட்டும்.